முதலில் கட்டச் சொல்லிவிட்டுப் பிறகு தருவதற்குப் பெயர் உதவியா?



கொஞ்சம் நீளமான பதிவு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் கடைசி வரை படியுங்கள். இல்லாதவர்கள், அப்படிப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார்: "படிக்க கவர்ன்மென்ட் எவ்வளவோ குடுக்குது. நம்ம ஜனங்களுக்குத்தான் வாங்கத் தெரியல." அதற்குக் கீழே பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அவர் எனக்கு மாமா முறை, மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பேச்சை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பாகூர் சுற்றுவட்டாரத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள் நான். கணக்கு எங்கே இடிக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முதலில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் புதுச்சேரியில் சென்டாக் வழியாகத் தொழிற்கல்விக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பெருந்தலைவர் காமராஜர் பெயரில் ஒரு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. அட்டவணை இனப் பிள்ளைகளின் கட்டணத்தை ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக அரசு ஏற்கிறது. மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் கல்லூரி மாணவர்களுக்கென்றே ஒரு திட்டம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தன் தேர்வு வாரியத்தில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 4½ லட்சத்தைத் தாண்டக் கூடாது. கிடைத்தால் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், மேற்படிப்புக்கு 20,000 ரூபாய். நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேருக்கு, அதில் பாதி பெண் பிள்ளைகளுக்கு. கல்விக் கடன் என்று போனால் 4 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் பட்டியலில் உள்ள கல்லூரியில் இடம் கிடைத்தால் அடமானமும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம்.

காகிதத்தில் பார்த்தால் நிறையத்தான். மாமா காகிதத்தைப் பார்த்துப் பேசுகிறார். நான் தேதியைப் பார்க்கச் சொல்கிறேன்.

இடம் கிடைத்ததும் சில நாட்களுக்குள் கல்லூரியில் போய்ச் சேர வேண்டும். சேருகிற அன்றே கட்டணம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கல்லூரிக்கு, என்னிடம் படித்த ஒரு பெண்ணின் மகளோடு நான் போயிருந்தேன். கவுன்ட்டரில் சொன்ன பதில் இதுதான்: "முதல்ல நீங்க கட்டிடுங்கம்மா, கவர்ன்மென்ட் பணம் வந்ததும் திருப்பித் தருவோம்." எப்போது வரும் என்று கேட்டேன். "வரும்போது வரும்." இதற்கு மேல் பதில் இல்லை. காமராஜர் திட்டத்துப் பணம் நிலுவையில் கிடக்கிறது, சீக்கிரம் கொடுங்கள் என்று மாணவர்களும் பெற்றோர்களும் கோரிக்கை வைப்பதைப் பத்திரிகையில் எத்தனை முறை படித்துவிட்டோம்!

சரி, ஒரு கணக்குப் போடுவோம். நான்காம் வகுப்புக் கணக்குத்தான். கட்டணம் 40,000 ரூபாய். அம்மா நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர், அப்பா கொத்தனார் வேலை. கையில் பணம் இல்லை. நூற்றுக்கு மூன்று வட்டியில் வெளியில் வாங்குகிறார்கள். மாத வட்டி 1,200. அரசுப் பணம் பதினெட்டு மாதம் கழித்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி மட்டும் 21,600. அரசு கொடுத்த 40,000-ல் பாதிக்கு மேல் வட்டிக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. அசல் அப்படியே பாக்கி நிற்கிறது. இதற்குள் இரண்டாம் வருஷக் கட்டணமும் வந்துவிடும். இப்போது சொல்லுங்கள், இந்த உதவி யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

கையில் 40,000 வைத்திருக்கிற வீட்டுக்கு இந்தத் திட்டம் நன்றாகவே வேலை செய்யும். முதலில் கட்டுவார்கள், பிறகு நிதானமாகத் திரும்பப் பெறுவார்கள். இல்லாதவர்களுக்கென்று போட்ட திட்டம், இருப்பவர்களால்தான் தாங்கக் கூடியதாக இருக்கிறது. இது வாங்கத் தெரியாத ஜனங்களின் குற்றமா? நாம் ஏரிப்பாசன ஊர்க்காரர்கள். நாற்று காய்ந்த பிறகு மதகைத் திறந்துவிட்டு, "தண்ணீர் விட்டோமே, விவசாயிக்குப் பாய்ச்சத் தெரியவில்லை" என்று யாராவது சொன்னால் பாகூரில் விடுவார்களா?

இதில் முதலில் நிற்பது பெண் பிள்ளையின் படிப்புதான். வீட்டில் இரண்டு பிள்ளை இருந்து ஒரு கடன்தான் வாங்க முடியும் என்றால், அந்தக் கடன் பையனுக்குப் போகும். நர்சிங் இடம் கிடைத்தும் சேராமல் போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். இன்று கடலூரில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு இருக்கிறாள். அவளுக்கு உதவித்தொகைக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. அது வரும் வரை காத்திருக்கத்தான் வசதி இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம் சொந்தங்கள் இதைப் படிப்பீர்கள். பிரான்சில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அங்கே எப்படி என்று நீங்களே குழுவில் எழுதுங்கள். கல்லூரி தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே ஒரே ஒரு விண்ணப்பம். குடும்ப வருமானத்தை வைத்து உதவித்தொகை முடிவாகும். அந்த உதவித்தொகை பெறும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணமே கிடையாது. பணம் செப்டம்பரில் தொடங்கிப் பத்து மாதம், மாதாமாதம் வருகிறது. நம்மை ஆண்ட நாடு தன் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்கிறது. அவர்கள் பணக்கார நாடு என்பீர்கள். முன்னால் கொடுப்பதற்கும் பின்னால் கொடுப்பதற்கும் தொகை ஒன்றுதானே? தேதியை மாற்றப் பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம், நம் ஊர்ச் செப்பேட்டைப் பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அந்தக் காலத்துக் கல்லூரிக்கு, மூன்று கிராமங்களைத் தானமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கிராமத்து வருமானம் கல்விச்சாலைக்கு வரும், கற்பவரும் கற்பிப்பவரும் அதில் வாழ்வார்கள். பெருமைப்பட மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தக் கல்லூரி வேதம் ஓதியவர்களுக்கானது, நம் பாட்டன் பூட்டன்மாரில் பெரும்பாலோருக்கு அதன் வாசல் திறக்கவில்லை. இன்று வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, பணம்தான் பின்னால் வருகிறது. படிப்புக்கு வேண்டிய பணத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற அறிவு இந்த மண்ணில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இருந்தது.

"எல்லாம் இலவசமாகக் கொடுத்தால் மதிப்புத் தெரியாது" என்று எழுதப் போகிறவர்களுக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் படித்து, அரசு உதவித்தொகை வாங்கி, இன்று நல்ல சம்பளத்தில் இருக்கிற பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? உங்களுக்கு மதிப்புத் தெரியாமலா போய்விட்டது? நீங்கள் ஏறி வந்த ஏணியை அடுத்த பிள்ளைக்கு ஏன் இலவசம் என்று கேவலப்படுத்துகிறீர்கள்?

அரசிடம் நாம் கேட்க வேண்டியது மூன்றே மூன்று. ஒன்று, தகுதியுள்ள பிள்ளையிடம் சேரும்போது கட்டணம் கேட்கக் கூடாது. கல்லூரியும் அரசும் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும். இரண்டு, தேர்வுக்குத் தேதி சொல்வது போல உதவித்தொகை வழங்கவும் தேதி அறிவிக்க வேண்டும். மூன்று, சான்றிதழ்களைப் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போதே பள்ளியிலேயே வாங்கித் தர வேண்டும். நம் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள்.

அது நடக்கும் வரை நம் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. ஆகவே வீட்டில் செய்ய வேண்டியவை:

1. வருமானம், சாதி, குடியிருப்புச் சான்றிதழ்களுக்குப் பாகூர் தாலுகா அலுவலகத்தில் பொதுத் தேர்வுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். நம் ஊர்களில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் கடலூர்ப் பக்கம்தான். அட்டவணை இனக் குடும்பங்களில் 1964 ஆணை வந்தபோது இங்கே குடியிருந்தவர்களா என்ற கேள்வி வரும். தாத்தா காலத்துப் பத்திரம், பழைய பள்ளிச் சான்று, ரேஷன் அட்டை எது இருந்தாலும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

2. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும், அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று கணக்கு இருந்தால், ஆதார் கடைசியாக எதில் இணைந்ததோ அங்கேதான் பணம் போகும். "வரவில்லை" என்று அழுத ஒரு பையனின் பணம் அவன் மறந்துபோன கணக்கில் கிடந்தது.

3. இணையதளத்தில் விண்ணப்பித்ததோடு வேலை முடியவில்லை. கல்லூரியில் அதற்கென்று இருக்கும் அலுவலர் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அவர் அனுப்பிவிட்டாரா என்று கடைசித் தேதிக்கு முன் நேரில் போய்க் கேளுங்கள்.

4. ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். நான் சொன்ன மத்திய அரசுத் திட்டத்துக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுகிறவர்களுக்கு அது கிடைக்காது. எது அதிகம் என்று கணக்குப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

5. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்ததும் திரும்பக் கேட்டு வாங்குங்கள். பயப்பட வேண்டாம்.

6. வங்கியில் 4 லட்சத்துக்குள் கல்விக் கடனுக்கு அடமானம் கேட்டால், அதை எழுத்தில் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். முடியாது என்று வாயால் சொல்வது சுலபம். எழுதிக் கையெழுத்துப் போடுவது சுலபம் இல்லை.

இனி, என் பழைய மாணவர்களே, உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். உங்களில் தாலுகா அலுவலகத்தில் இருக்கிறவர்கள் உண்டு, வங்கியில் இருக்கிறவர்கள் உண்டு, கல்லூரியில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. இந்த வருஷம் ஆளுக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, விண்ணப்பம் முதல் பணம் கைக்கு வரும் வரை கூடவே இருங்கள். வெளியூரில் இருப்பவர்கள் பத்துப் பேர் ஆளுக்கு 5,000 போட்டால் 50,000 ஆகும். ஒரு பிள்ளையின் முதல் கட்டணத்தைக் கட்டிவிடலாம். அரசுப் பணம் வந்ததும் அதே தொகை அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். வட்டி வேண்டாம், பேனர் வேண்டாம், போட்டோ வேண்டாம். ஆனால் ஒன்று. நாம் கட்டிவிட்டோம் என்பதால் அரசைக் கேட்பதை நிறுத்தக் கூடாது. இது அரசு செய்ய வேண்டிய வேலை.

மாமா, நீங்களும் படித்திருப்பீர்கள். கோபம் வேண்டாம். உங்கள் தெருவிலேயே இந்த வருஷம் மூன்று பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு ஒரு நடை போய், "சான்றிதழ் எல்லாம் வாங்கிட்டீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். வாங்கத் தெரியவில்லையா, வாங்க விடவில்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சந்தேகம் இருப்பவர்கள் பின்னூட்டத்தில் கேளுங்கள், தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள், விண்ணப்பம் நிரப்ப நான் உதவுகிறேன். கண்ணாடி மாற்றிவிட்டேன், இப்போது சின்ன எழுத்தும் தெரிகிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
பாகூர்