முதல் வகுப்பு எதற்கு?

சென்னை–கும்மிடிப்பூண்டித் தடத்தில், கவரைப்பேட்டையில் காலை மின்சார ரயில் நிற்கும்போது முதல் வகுப்புப் பெட்டியை எட்டிப் பாருங்கள். மெத்தை இருக்கை, தலைக்கு மேல் மின்விசிறி, வாசல்வரை கூட்டம். மின்விசிறி சாதாரணப் பெட்டியிலும் சுற்றுகிறது. ஆக, கூடுதல் காசு அந்த மெத்தைக்குத்தான். 2022 மே மாதம் முதல் வகுப்பின் குறைந்தபட்சக் கட்டணத்தை 50 ரூபாயிலிருந்து 25 ஆக்கினார்கள். நல்ல முடிவு. ஆனாலும் சாதாரண வகுப்பின் குறைந்தபட்சக் கட்டணமான 5 ரூபாயைப் போல ஐந்து மடங்கு அது! முதல் வகுப்பு சீசன் டிக்கெட் எடுத்தவர் நின்றுகொண்டே போகிறார். சாதாரண டிக்கெட்டோடு அதில் ஏறியவரைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டுக்கு நேரமானால் எந்தப் பெட்டி என்று யார் பார்ப்பார்கள்? கூடுதல் காசுக்கு உண்மையான வசதி வேண்டும் என்றால், சென்னை கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்தில் 2025 ஏப்ரல் 19 அன்று ஏசி மின்சார ரயில் வந்துவிட்டது. அதை எங்கள் தடத்துக்கும் கொடுங்கள். அதற்கு முன், காலையில் இன்னும் இரண்டு வண்டி விடுங்கள்.