ரகசிய எண் கொடுப்பதற்கே, வாங்குவதற்கு அல்ல!

மில் வாசல் டீக்கடையிலும் வாரச் சந்தையிலும் இன்று கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. செல்போனைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. எப்படிப் போகிறது என்று உழைப்பாளி மக்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இதில் மாயம் ஒன்றுமில்லை. யு.பி.ஐ. என்ற இந்த ஏற்பாடு 2016ல் வந்தது. பணம் போனுக்குள் இல்லை. பாங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. 'இன்னாருக்கு 20 ரூபாய் கொடு' என்று போன் தகவல் சொல்கிறது. நமது பாங்கி நம் கணக்கில் கழிக்கிறது. கடைக்காரரின் பாங்கி அவர் கணக்கில் வரவு வைக்கிறது. 'வாலட்' வேறு. அதில் பணத்தை முன்கூட்டியே கம்பெனியிடம் போட்டு வைத்துச் செலவழிக்கிறோம்.

ரகசிய எண் என்பது நம் பெட்டியின் சாவி. கூலி வாங்கும்போது கைநாட்டு வைத்துப் பழகியவர்கள் நாம். இங்கே விஷயம் தலைகீழ்! பணம் வாங்க ரகசிய எண் ஒருபோதும் வேண்டியதில்லை. 'உதவித்தொகை வந்திருக்கிறது, எண்ணைப் போடு' என்று எவன் சொன்னாலும் அவன் திருடனே. ஒரு நொடியில் ஒரு மாத உழைப்பு பறிபோகும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம்; உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள், பாங்கிக்கும் சொல்லுங்கள்.

ரொக்கத்தை விடு என்று உபதேசிக்கும் சர்க்காரும் பாங்கிகளும் இந்த ஒரு வரியை ஒவ்வொரு மில் வாசலிலும் ரேஷன் கடையிலும் கொட்டை எழுத்தில், தமிழில் எழுதி வைக்கட்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம், தோழர்களே! படித்தவர் படியாதவருக்கு இன்றே சொல்வோம்.