பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான் வருகிறது. செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், வாட்ச்மேன், பால் வாங்கப் போகிறவர் என்று எல்லோரும் சொல்லும் தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: "பேட்டரி போச்சு சார்!" நாலு பேர் தள்ளி வண்டியைக் கிளப்பிவிட, நேராகக் கடைக்குப் போய் புது பேட்டரி. சில ஆயிரம் ரூபாய் காலி. வண்டியும் ஜம்மென்று ஓடும்... இரண்டு வாரத்துக்கு. அப்புறம் மறுபடியும் அதே டிக் டிக்.

பழைய மாருதி 800, அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. இரண்டு வண்டிகளின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. ஆக, இருப்பதிலேயே இளைய வண்டிக்கும் வயது பத்தைத் தாண்டிவிட்டது. இந்த வயதில் வரும் சார்ஜிங் கோளாறுகளில் பேட்டரி பல நேரம் குற்றவாளி இல்லை, பாதிக்கப்பட்டவர்!

புது பேட்டரி போட்டதும் வண்டி ஏன் ஓடுகிறது? கடையிலிருந்து வரும்போதே அது சார்ஜோடு வருகிறது. வண்டி அதற்குச் சரியாகச் சோறு போடாவிட்டாலும் கையிருப்பை வைத்துக் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். அந்த இரண்டு வாரம்தான் தவறான தீர்ப்பைச் சரியென்று நம்ப வைக்கிறது.

கணக்குப் பாடம் படித்தவர்களுக்கு இரட்டைப் பதிவு முறை தெரியும். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்க வேண்டும். காரின் மின்சாரமும் அப்படியே. பேட்டரியின் பாசிடிவ்விலிருந்து கிளம்பியது நெகடிவ்வுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். திரும்பும் வழி வண்டியின் பாடிதான். ஆனால் என்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மேல். ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால்தான் என்ஜினையோ கியர்பாக்ஸையோ பாடியுடனும் பேட்டரி நெகடிவ்வுடனும் இணைக்க எர்த் ஒயர் போட்டிருக்கிறார்கள். துரு, எண்ணெய்ப் பிசுக்கு, டிங்கரிங் பெயிண்டிங் செய்தபோது போல்ட்டுக்கு அடியில் புகுந்த பெயிண்ட் என்று இந்த ஒயரின் இணைப்பு கெட ஆயிரம் காரணம்.

செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எர்த் இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தால் போதும், அங்கேயே 1 வோல்ட் காணாமல் போய்விடும். இவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவில் பார்க்கவே முடியாது. "ஒயர் நல்லாத்தான் இருக்கு" என்று மீட்டரே பொய் சாட்சி சொல்லும்! எர்த் மிக மோசமானால் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகும், இறுகும். ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுவது, இண்டிகேட்டர் போட்டால் கூடவே வேறு விளக்கும் மினுக்குவது எல்லாம் இந்தக் குடும்பத்து நோய்களே.

எனவே காசை எடுப்பதற்கு முன் மீட்டரை எடுக்க வேண்டும். சில நூறு ரூபாய் டிஜிட்டல் மீட்டர் போதும். டிசி வோல்ட்டில் வைத்து வரிசையாகப் பார்க்கலாம்:

1. வண்டி சில மணி நேரம் நின்றபின் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12 என்றால் கிட்டத்தட்டக் காலி.

2. ஓடும்போது, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால், 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 12.6-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. முதலில் பெல்ட் தொளதொளவென்று இருக்கிறதா என்று பாருங்கள்.

3. என்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் உடம்பிலும் மறு முனையைப் பேட்டரி நெகடிவ்விலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு. செல்ஃப் அடிக்கும்போது என்ஜினுக்கும் நெகடிவ்வுக்கும் இடையே 0.5-ஐத் தாண்டினாலும் அப்படியே.

மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி நெகடிவ்விலிருந்து என்ஜினின் சுத்தமான உலோகப் பகுதிக்கு இணைத்து செல்ஃப் அடியுங்கள. சட்டென்று எடுத்தால் குற்றவாளி பிடிபட்டான்.

ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். டைனமோ காலத்தில் செய்தது அது. ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிக் கழற்றினால் மின்னழுத்தம் ஒரு கணம் 40 வோல்ட்டையும் தாண்டலாம். எம்பிஎஃப்ஐ வண்டியாக இருந்தால் கம்ப்யூட்டர் பெட்டியும் சேர்ந்து போகும்.

இவ்வளவு சுலபமென்றால் மெக்கானிக் ஏன் செய்வதில்லை? எல்லாப் பழியையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அரை மணி நேரம் குனிந்து எர்த்தைத் தேடிக் கண்டுபிடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கிக் கொடுத்தவர் 300 ரூபாய் கேட்டால், "ஒரு போல்ட் முடுக்கினதுக்கா?" என்று சண்டைக்குப் போகிறோம். அதே ஆள் புது பேட்டரி மாட்டிவிட்டால் முணுமுணுக்காமல் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிறோம். பொருளுக்குக் காசு, மூளைக்கு இலவசம்! இந்தக் கணக்கில் எந்த மெக்கானிக் உட்கார்ந்து யோசிப்பார்? பாகத்தை மாற்றிப் பார்ப்பதுதான் அவருக்கு லாபம். அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தது வாடிக்கையாளர்தான்.

பேட்டரியே நிஜமாகச் செத்துப்போவதும் உண்டு. முழு சார்ஜ் ஏற்றிய பிறகும் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியிலேயே 9.6-க்குக் கீழே விழுந்தால் மாற்றத்தான் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் அதையும் அளந்து பார்த்த பிறகு மாற்றலாமே?

அடுத்த முறை யாராவது "பேட்டரி போச்சு" என்றால், "எத்தனை வோல்ட் காட்டுது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அளந்து, எண்ணைச் சொல்லி, காரணத்தைக் காட்டுகிறவருக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். பேட்டரி விலையோடு ஒப்பிட்டால் அது எப்போதும் சல்லிசுதான்.