அக்கவுன்ட்ல தெரியாத பெயரில் ரூ.199 போயிருக்கா? யார் எடுத்தது, எப்படி நிறுத்துவது?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மின்னணு ஏலம் நடந்தால், அதன் கணக்கு யாருக்கும் மறைவில்லை. எந்த நிறுவனம் ஏலம் நடத்தியது, எத்தனை லாட், எத்தனை கிலோ வந்தது, அதில் எத்தனை கிலோ விற்றது, அதிகபட்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்று எல்லாவற்றையும் ஸ்பைசஸ் போர்டு தன் இணையதளத்தில் போட்டுவிடுகிறது. போடி பஜாரில் இருப்பவரும் பார்க்கலாம், போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் இருப்பவரும் பார்க்கலாம்.

இப்போது அதே ஊரில் ஒருவர் தன் வங்கி ஸ்டேட்மென்ட்டைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு வரி. ஆங்கில எழுத்தும் எண்ணும் ஸ்டார் குறியும் கலந்த ஏதோ ஒரு பெயர். பக்கத்தில் ரூ.199. போன மாதமும் அதே வரி, அதற்கு முந்தின மாதமும் அதே வரி. யாரிடம் போனது, எதற்குப் போனது, யார் சம்மதம் கொடுத்தது என்று ஒன்றும் புரியாது.

199 ரூபாய்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் வருஷத்துக்கு அது ரூ.2,388. விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கு இது சில்லறைக் காசு இல்லை, பல நாள் கூலி.

முதலில் ஒரு விஷயம்: தெரியாதது எல்லாம் திருட்டு இல்லை

இப்படிப் போகும் பணத்தை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, நாமே ஒப்புக்கொண்டு மறந்துபோனது. இரண்டு, 'இலவச டிரையல்' என்று காட்டி நம்மிடம் சம்மதம் வாங்கியது. மூன்று, நிஜமாகவே நம் கார்டு விவரத்தை யாரோ திருடி எடுத்தது. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. முதல் வகையைக் கொண்டுபோய் 'மோசடி' என்று புகார் கொடுத்தால், அந்த நிறுவனம் நம் சம்மதத்துக்கான ஆதாரத்தைக் காட்டிவிடும், புகார் நிற்காது. மூன்றாவது வகையை 'பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டால் பணம் போயே போச்சு.

பெயர் ஏன் புரிய மாட்டேங்குது?

ஸ்டேட்மென்ட்டில் கடையின் பெயருக்கு இருக்கும் இடம் ரொம்பக் குறைவு, பொதுவாக 22 எழுத்து வரைதான். அதற்குள் சுருக்கி எழுதும்போது பாதிப் பெயர் காணாமல் போகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பல மென்பொருள் நிறுவனங்கள் நேரடியாகப் பணம் வாங்குவதில்லை. பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங், கிளெவர்பிரிட்ஜ் மாதிரியான இடைநிலை நிறுவனங்கள்தான் அவர்கள் சார்பில் விற்று, வரி கட்டி, பணம் வசூலிக்கின்றன. நீங்கள் வாங்கியது போட்டோ எடிட்டிங் மென்பொருளாக இருக்கும், ஸ்டேட்மென்ட்டில் வருவது பேடில் பெயராக இருக்கும். மொபைல் ஆப் என்றால் ஆப் பெயருக்குப் பதில் கூகுள் அல்லது ஆப்பிள் பெயர் வரும்.

தொகையும் குழப்பும். டாலரில் விலை போட்ட சேவை என்றால், அன்றைய மாற்று விலையோடு வங்கியின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் சேரும். அதனால் மாதா மாதம் தொகை கொஞ்சம் கூடிக் குறையும். 'நான் இந்தத் தொகைக்கு எதுவும் வாங்கலையே' என்று தோன்றுவது இதனால்தான்.

ரிசர்வ் வங்கி விதி என்ன சொல்கிறது?

கார்டில் தானாகப் பிடிக்கப்படும் கட்டணங்களுக்கான விதியை ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்ட்டில் கொண்டுவந்தது. 2020 ஜனவரியில் யுபிஐக்கும் அது நீட்டிக்கப்பட்டது. 'தயாராக டைம் வேணும்' என்று கேட்கப்பட்டதால் கெடு தள்ளிப்போய், 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக அமலானது. அதன்படி:

• முதல் முறை பதிவு செய்யும்போது ஓடிபி அல்லது பின் கட்டாயம்.
• ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வர வேண்டும். அதில் நிறுவனத்தின் பெயர், தொகை, தேதி, காரணம் இருக்க வேண்டும்.
• அந்தத் தகவலிலிருந்தே 'வேண்டாம்' என்று சொல்ல வழி இருக்க வேண்டும்.
• எப்போது வேண்டுமானாலும் மொத்த அனுமதியையும் ரத்து செய்யலாம். இந்த வசதிக்கு வங்கி கட்டணம் வாங்கக் கூடாது.

நல்ல விதிதான். ஆனால் ஓட்டை எங்கே என்றால், ரூ.15,000 வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. முதலில் ரூ.2,000 ஆக இருந்த இந்த வரம்பு ரூ.5,000 ஆகி, 2022 ஜூனில் ரூ.15,000 ஆனது. சம்பளக்காரருக்கு இது வசதி. மாதம் அவ்வளவு பணமே கணக்கில் நிற்காதவருக்கு, ஒரு மெசேஜைக் கவனிக்காமல் விட்டால் மொத்தமும் போகலாம் என்று அர்த்தம்.

அந்த மெசேஜ் எப்படி வருகிறது? பெரும்பாலும் ஆங்கிலத்தில், பத்து விளம்பர மெசேஜ்களுக்கு நடுவில். மலைச்சரிவில் சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்கிறவர் சாயங்காலம் இறங்கி வந்து பார்க்கும்போது, அந்த 24 மணி நேரத்தில் பாதி போயிருக்கும். சிலருக்குத் தகவல் இமெயிலுக்குப் போகும். அந்த இமெயிலை போன் வாங்கிய அன்று கடைக்காரர்தான் உருவாக்கிக் கொடுத்திருப்பார், அதன் பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இருக்காது. விதிப்படி தகவல் 'அனுப்பியாச்சு', ஆனால் போய்ச் சேரவில்லை.

ஒரு ரூபாய் டிரையலில் ஒளிந்திருப்பது

'ரூ.1 மட்டும் கட்டுங்க, 7 நாள் ஃப்ரீ' என்று வரும் ஆப்களில் நாம் போடும் யுபிஐ பின் ஒரு ரூபாய்க்கு மட்டும் இல்லை. அதோடு ஆட்டோபே அனுமதியும் சேர்ந்தே போகிறது. அந்தத் திரையில் 'அதிகபட்சத் தொகை' என்று ஒரு வரி சின்னதாக இருக்கும். அவர்கள் எவ்வளவு வரை எடுக்கலாம் என்பது அதுதான். பின் போடும் முன் பார்க்க வேண்டிய வரி அந்த ஒன்றுதான்.

இதைத் தவறு என்று சட்டமே சொல்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஆன்லைனில் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டன. அதில் ஒன்று 'சந்தாப் பொறி'. ரத்து செய்யும் வழியை மறைப்பது, அதைச் சிக்கலாக்குவது மட்டும் இல்லை, இலவசச் சந்தாவுக்கே ஆட்டோ டெபிட் அனுமதி கேட்டுக் கட்டாயப்படுத்துவதும் இதில் வருகிறது. மென்பொருள் சந்தாவில் சத்தமில்லாமல் பணம் எடுப்பது தனி உத்தியாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. டிரையல் முடிந்து கட்டணம் தொடங்கும்போது சொல்லாமல் விடுவது அதற்கான உதாரணம்.

இது நம் ஊர்ப் பிரச்சனை மட்டும் இல்லை. பிரைம் சந்தாவில் மக்களைச் சம்மதம் இல்லாமல் சேர்த்ததாகவும், வெளியேறுவதைக் கஷ்டமாக்கியதாகவும் அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், அமேசான் 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. மாதா மாதம் போகும் சின்னத் தொகைகள் சேர்ந்தால் எவ்வளவு பெரிசாகும் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

சரி, இப்போ என்ன செய்யணும்?

1. நம்பரைத் தேடிக் கூப்பிடாதீங்க. ஸ்டேட்மென்ட்டில் உள்ள பெயரை கூகுளில் போட்டால் 'கஸ்டமர் கேர்' என்று போலி எண்கள் வரலாம். 199 ரூபாயைத் திரும்ப வாங்கப் போய் மொத்தக் கணக்கையும் இழக்கும் ஆபத்து இங்கேதான். கார்டின் பின்பக்கம் உள்ள வங்கி எண், நிறுவனத்தின் சொந்த ஆப், இவை மட்டும் போதும்.

2. வீட்டில் கேளுங்க. அதே தேதியில் யார் போனில் என்ன வாங்கப்பட்டது என்று பாருங்கள். பிள்ளையின் கேம், தம்பியின் ரெஸ்யூமே ஆப், ஆன்லைன் கிளாஸ் என்று பாதிப் புதிர் இங்கேயே தீரும். இமெயிலில் அந்தத் தொகையைத் தேடினால் ரசீது கிடைக்கலாம்.

3. மூன்று இடத்தில் பாருங்க. யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதி. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் போய், அதில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் (ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் வரும்). கடைசியாக வங்கி ஆப் அல்லது நெட்பேங்கிங்கில் கார்டுக்கான இ-மேண்டேட் பட்டியல். ஒன்றில் இல்லையென்றால் இன்னொன்றில் இருக்கும்.

4. ஆப்பை டெலீட் செய்தால் சந்தா நிற்காது. பலரும் செய்யும் தப்பு இது. கார்டை மாற்றினாலும் யுபிஐ ஆட்டோபே நிற்காது, ஏனென்றால் அது வங்கிக் கணக்கோடு இணைந்தது. சந்தாவையும் ரத்து செய்ய வேண்டும், அனுமதியையும் ரத்து செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும்.

5. பணத்தைத் திருப்பிக் கேளுங்க. பிளே ஸ்டோரில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே கேட்கலாம். அதற்கு மேல் என்றால் ஆப் நிறுவனத்திடம். ஏமாற்றிச் சேர்த்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

6. நிஜமாகவே திருட்டு என்றால், கடிகாரம் ஓடுகிறது. உடனே கார்டை முடக்கி, வங்கியில் புகார் செய்து எண் வாங்குங்கள். 1930-க்கும் கூப்பிடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போயிருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரையிலான நஷ்டம் உங்கள் தலையில். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரையிலான நஷ்டம் முழுக்க உங்களுடையது.

7. வங்கி அசையவில்லையா? 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தி இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். உதவி எண் 14448. புகாரைத் தமிழிலேயே எழுதலாம்.

பாரம் யார் தோளில்?

மேலே உள்ள ஏழும் வேலை செய்யும். ஆனால் ஏழையும் செய்ய வேண்டியவர் வாடிக்கையாளர்தான் என்பதுதான் இதில் இடிக்கிறது. பணம் எடுப்பதற்கு ஒரு பின், அதை நிறுத்துவதற்கு மூன்று ஆப். இது சமமான வியாபாரம் இல்லை.

'ஆட்டோபே இல்லாவிட்டால் எஸ்ஐபி, இன்சூரன்ஸ் எல்லாம் தவறிப்போகுமே' என்று கேட்பார்கள். நியாயம்தான். வசதியை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. புரிகிற மாதிரி கொடுங்கள் என்பதுதான் கேள்வி. ஸ்டேட்மென்ட்டில் இடைநிலை நிறுவனத்தின் பெயரோடு வாடிக்கையாளருக்குத் தெரிந்த ஆப்பின் பெயரும் வர வேண்டும். 24 மணி நேர மெசேஜ், வாடிக்கையாளர் கேட்கும் மொழியில் வர வேண்டும். போடியில் ஒருவர் வங்கிக் கிளைக்குப் போய் 'என் கணக்கில் யாருக்கெல்லாம் ஆட்டோபே இருக்கு?' என்று கேட்டால், ஒரே தாளில் பிரின்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். வங்கிகளால் முடியாத காரியம் எதுவும் இதில் இல்லை.

ஏல மையத்தில் மூட்டை மூட்டையாகப் போகும் ஏலக்காய்க்கு லாட் வாரியாகக் கணக்கு இருக்கிறது. கணக்கிலிருந்து போகும் 199 ரூபாய்க்கும் அப்படி ஒரு வரி எழுத முடியும். அது வரும்வரை, மாதத்தில் ஒரு நாள் பத்து நிமிஷம் ஒதுக்கி ஆட்டோபே பட்டியலைத் திறந்து பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் போனையும் சேர்த்து.