இரு களம், ஒரு பண்பு

இரண்டு விளையாட்டுகளில் சிறக்க விழைவோருக்கு உடல்வலிமை மட்டும் போதாது; அணித்தோழர்களின் நம்பிக்கையும் வேண்டும்.

புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக மாணவர் சார்லி வார்டு, அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து ஆகிய இரண்டிலும் ஆடினார். 1993இல் கல்லூரிக் கால்பந்தின் உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை வென்றார். எனினும், கால்பந்துப் பருவம் முடியும் முன்னரே கூடைப்பந்துப் பருவம் தொடங்கிவிடும். ஆதலால், கூடைப்பந்து அணியில் அவர் இடையில்தான் இணைய முடிந்தது.

பல வாரங்கள் பயின்றோரிடையே பின்வந்த ஒருவர் இடம்பெற்றால், முன்பே ஆடிய ஒருவர் தம் இடத்தை இழக்க நேரும். அம்மனக்குறையைப் புகழ் போக்காது, பணிவே போக்கும். கூடைப்பந்தில் வார்டு ஏற்றது, பந்தைப் பிறருக்குப் பகிர்ந்து ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு. தோழர் புள்ளி பெற வழிவகுப்பதே அதன் சிறப்பு.

திறமை அணியில் இடம் பெற்றுத்தரும்; பிறரை உயர்த்தும் பண்பே தோழர்தம் உள்ளத்தில் இடம் பெற்றுத்தரும்.