மூளைக்கும் ஓர் அளவுகோல் வேண்டும்

வகுப்பிலே பாடத்தை முடித்துவிட்டு, "விளங்கிற்றா?" என்று கேட்டால் நாற்பது தலைகளும் ஒருமிக்க ஆடும். அந்தத் தலையாட்டலை நம்பி எந்த ஆசிரியரும் புள்ளி இடுவதில்லை. வினாத்தாளைக் கொடுத்து, எழுதச்செய்து, திருத்திப் பார்த்த பின்னரே யாருக்கு எவ்வளவு விளங்கிற்று என்று சொல்லத் துணிகிறோம். இது எமது தொழிலின் அரிச்சுவடி. ஆயின், மூளையைத் தொடும் புதிய மருந்துகளை முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கும் இடங்களிலே இந்த அரிச்சுவடியை எல்லோரும் கற்றுவிட்டதாகத் தெரியவில்லை. "எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, "சுகமாக இருக்கிறேன்" என்ற பதிலைக் குறித்துக்கொண்டு அப்பாற் செல்லும் வழக்கம் அங்கே நெடுங்காலம் நிலவியது, இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அவ்வழக்கத்தை எதிர்த்தே இதனை எழுதுகிறோம்.

புதிய மருந்தொன்று விலங்குகளிற் சோதிக்கப்பட்ட பின்னர், சுகதேகிகள் சிலருக்குப் பணங் கொடுத்து, சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கப்படுகிறது. அவர்களுடைய இரத்தம், சிறுநீர், ஈரல், இதயத் துடிப்பு யாவும் கணக்கெடுக்கப்படுகின்றன. இதயத்தின் மின்னோட்டத்தை மருந்து எவ்வளவு பாதிக்கிறது என்று ஆராய்வதற்கு 2005ஆம் ஆண்டிலேயே சர்வதேச வழிகாட்டி ஒன்று வகுக்கப்பட்டது. அதற்கும் முன்னர், 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட மற்றொரு வழிகாட்டி, விலங்குகளின் நடமாட்டம், நடத்தை, உடலிசைவு, அனிச்சைச் செயல் என்பன மருந்தினால் மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டுமென விதித்தது. எலி தள்ளாடுகிறதா என்று பார்ப்பதற்கு விதி உண்டு. மனிதனின் கவனமும் நினைவும் தளர்கின்றனவா என்று ஒவ்வொரு புதிய மருந்திலும் அளந்தே தீரவேண்டும் என்னும் அத்தகைய பொதுவிதி மட்டும் இல்லை. இந்த முரண்பாட்டை எவ்வாறு நியாயப்படுத்துவது?

2016 சனவரியில் பிரான்சின் றென் நகரில் நடந்ததை நினைவுகூர்வோம். போர்த்துக்கல் நாட்டுக் கம்பனியொன்றின் 'பி.ஐ.ஏ. 10-2474' என்னும் மருந்து அங்கே சோதிக்கப்பட்டது. மூளையில் இயல்பாகச் சுரக்கும் பொருளொன்றைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பது அதன் வேலை. பங்குபற்றியவர்களுக்குப் பேசப்பட்ட தொகை 1900 யூரோ. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் மருந்துண்ட அறுவருள் ஒருவர் சனவரி 10ஆந் தேதி நோயுற்று வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவருக்கு என்ன நேர்ந்ததென்று தீர அறியாமலே மறுநாட் காலை ஏனைய ஐவருக்கும் மருந்து மீண்டும் கொடுக்கப்பட்டது. 17ஆந் தேதி முதலாமவர் இறந்தார். ஏனையோருள்ளும் சிலரது மூளையில் புண்பட்ட அடையாளங்கள் காணப்பட்டன.

அவ்வாண்டு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அமைத்த நிபுணர் குழு, மூளையைத் தாக்கும் மருந்துகளின் முதற் சோதனைகளில் நேர்முக உரையாடலும் அறிதிறன் சோதனைகளும் அடங்கிய மதிப்பீடு இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த நொதியைத் தடுப்பதற்கு 50 மில்லிகிராமிலும் மிகக் குறைந்த அளவே போதுமாயிருந்தது என்பதும் ஆய்விலே புலனாயிற்று. சோதனைத்தாள் ஒன்று இருந்திருந்தால் அம்மனிதர் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்லவில்லை, அதற்குச் சான்றில்லை. ஆனால் மருந்து மூளையிலே என்ன செய்கிறது என்று ஒவ்வொரு படியிலும் அளப்பவனுக்கே எந்தப் படியில் நிற்கவேண்டும் என்பது தெரியும். அளக்காதவன் இருட்டிலே படியேறுகிறான். அவன் ஏறுவதோ பிறருடைய உடலின்மீது.

உயிர் போனால் உலகம் அறியும். உயிரைத் தொடாமல் அறிவை மட்டும் அரிக்கும் கேடு அவ்வளவு எளிதில் அறியப்படுவதில்லை. வலிப்பு நோய்க்குரிய பீனோபாபிற்றல் 1912ஆம் ஆண்டிலிருந்து பாவனையில் உள்ளது. காய்ச்சலின்போது வலிப்புக் கண்ட குழந்தைகளுக்கும் அது தாராளமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, அத்தகைய 217 குழந்தைகளை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு மருந்தையும் மறு கூறினருக்கு வெற்று மருந்தையும் கொடுத்துப் பார்த்தது. ஈராண்டுகளின் பின், மருந்துண்ட கூறினரின் நுண்ணறிவுப் புள்ளி சராசரியாக 7 அளவிற் குறைந்திருந்தது. வலிப்போ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. 1912க்கும் 1990க்கும் இடையே 78 ஆண்டுகள்! இடைப்பட்ட காலத்தில் எத்தனை பிள்ளைகள் வகுப்பின் கடைசி வாங்கிலே 'மந்தபுத்தி' என்னும் பட்டத்தைச் சுமந்தபடி அமர்ந்திருந்தனரோ! அவர்களை அதட்டிய ஆசிரியர்களுள் எம்மனையோரும் இருந்திருப்பர். அளவுகோல் அன்றே கையிலிருந்தது. அதனை எடுத்து வைப்பதற்கே எவருக்கும் அவசரம் இருக்கவில்லை.

எவரை அளப்பது என்பதும் அரசியலே. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் 1977ஆம் ஆண்டில், பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களை ஆரம்பச் சோதனைகளிலிருந்து விலக்குமாறு கூறியது. அது 1993ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. சொல்பிடெம் என்னும் நித்திரைக் குளிசை அதற்கு முந்திய ஆண்டில் அந்நாட்டில் அனுமதி பெற்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு: 10 மில்லிகிராம். பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகவே நீங்குகிறது. காலையில் வாகனஞ் செலுத்தும் வேளையிலும் மூளையை மந்தப்படுத்தும் அளவு இரத்தத்தில் எஞ்சியிருக்கக்கூடும். இதனைக் கருதிப் பெண்களுக்குரிய அளவைப் பாதியாக்குமாறு அந்நிருவாகம் சொன்னது 2013 சனவரியில். இருபது ஆண்டுகளாக முழு அளவையும் உண்டு, விடியலிலே எழுந்து தொழிலுக்குப் போன பெண்களின் தடுமாற்றத்தை யார் கணக்கெடுத்தார்?

"மூளையை எப்படி ஐயா அளப்பது?" என்று கேட்போர் உளர். அளக்கலாம், அளந்தும் வருகிறார்கள். ஒல்லாந்தின் லெய்டன் நகரில் 1987ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆய்வு நிலையம் இதனையே தன் தொழிலாகக் கொண்டுள்ளது. ஒளிப்புள்ளி இடம் மாறும்போது கண் எவ்வளவு விரைவாக அதனைப் பின்தொடர்கிறது, நிமிர்ந்து நிற்கையில் உடல் எவ்வளவு ஆடுகிறது, குறியீடுகளை இலக்கங்களுடன் இணைத்து எத்தனை எழுத முடிகிறது, கேட்ட சொற்களுள் எத்தனை நினைவில் நிற்கின்றன என்பனவற்றை மருந்துக்கு முன்னும் பின்னும் அளக்கிறார்கள். அந்நாட்டிலேயே, நெடுஞ்சாலையில் காரைச் செலுத்தச் செய்து, அது தன் பாதையில் எத்தனை சென்ரிமீற்றர் அலைகிறது என்று பார்க்கும் முறையும் வளர்ந்தது.

இவற்றிலுள்ள இடர்களையும் நாம் அறிவோம். ஒரே வினாத்தாளை இருமுறை கொடுத்தால் இரண்டாம் முறை புள்ளி கூடும் என்பது ஆசிரியருக்குப் புதிதன்று. ஆகவே பயிற்சியை முன்கூட்டியே முடிக்கவேண்டும், வினாவை மாற்றவேண்டும், யார் மருந்துண்டார், யார் வெற்றுக் குளிசை உண்டார் என்பது அளப்பவருக்கும் தெரியாதிருக்க வேண்டும். இருபது சோதனைகளை வைத்தால் ஒன்று தற்செயலாகவே பிழையான முடிவைக் காட்டக்கூடும் என்பதும் மெய். அதற்குப் பரிகாரம், எது முதன்மையான அளவு என்று சோதனை தொடங்குமுன்னரே எழுதிவைப்பதாகும். அளப்பது கடினம் என்பதற்காகப் பரீட்சையையே நிறுத்திவிடும் பாடசாலையை எவரும் கண்டதுண்டோ?

செலவு கூடும், காலம் நீளும் என்பது கம்பனிக்காரரின் வாதம். செலவு எங்கும் போய்விடுவதில்லை. அது இடம் மாறுகிறது, அவ்வளவே. கம்பனியின் கணக்கேட்டில் எழுதப்படாத செலவு, பேருந்துச் சாரதியின் கண்ணிமையிலும், இயந்திரத்தருகே நிற்கும் தொழிலாளியின் விரலிலும், பரீட்சை மண்டபத்திலே தூங்கிவிழும் மாணவனின் விடைத்தாளிலும் எழுதப்படுகிறது. அமெரிக்க நிருவாகம், வாகனஞ் செலுத்தும் ஆற்றலை மருந்து குறைக்கிறதா என்று ஆரம்பத்திலிருந்தே ஆராயுமாறு 2017ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நன்று. ஆனால் வழிகாட்டி கட்டளையாகாது.

மருந்துச் சோதனை யாவும் முதலாளிகளின் சூழ்ச்சி, அதனை நிறுத்துக என்று கூறும் நண்பர்களோடும் நாம் உடன்படவில்லை. வலிப்பினாலும் சித்தக் கலக்கத்தினாலும் துன்புறும் மக்களுக்குப் புதிய மருந்து வேண்டும். விஞ்ஞானத்தை வெறுத்து மக்களுக்கு உதவ முடியாது. எமது கோரிக்கை விஞ்ஞானம் தன் கடமையை முழுமையாகச் செய்யவேண்டும் என்பதே. மூளையை அடையும் ஒவ்வொரு மருந்தும் முதற் சோதனையிலேயே மூளையின் தொழிற்பாட்டில் அளக்கப்படட்டும். ஆணும் பெண்ணும் அளக்கப்படட்டும். வந்த முடிவு, நட்டமாயினும் இலாபமாயினும், வெளியிடப்படட்டும். ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அடுத்த குளிசையை நீட்டுமுன் ஏனையோருக்கு அது சொல்லப்படட்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் தமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. தடிமனுக்குக் குடித்த சாதாரணக் குளிசையால் கண் செருகியபடி வகுப்பில் இருக்கும் பிள்ளையை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவனை அதட்டுமுன், "என்ன மருந்து குடித்தாய்?" என்று ஒருமுறை கேட்போம். அக்கேள்வியையே, இன்னும் உரத்த குரலில், மருந்தை ஆக்குவோரிடமும் அனுமதிப்போரிடமும் கேட்போம். தலையாட்டலை விடையாக ஏற்கும் வழக்கம் எமக்கில்லை.