கீழ்வேளூர்க் கணினியின் கடிகாரம்

கீழ்வேளூரில் மின்சாரம் போய் வந்ததும் பழைய வீட்டுக் கணினி ஒன்றின் தேதி பல வருடம் பின்னுக்குப் போய் நிற்கிறது. அதனால் வங்கித் தளமும் பட்டா பார்க்கும் தளமும் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கின்றன. உடனே விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றச் சொல்பவர்கள் உண்டு. அது வீண்செலவு. மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் வட்டப் பேட்டரி தீர்ந்திருக்கும்; முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும்.

நேரம் சரியாக ஐந்தரை மணி பிசகினால் கதை வேறு. நேர மண்டலம் தவறாக இருக்கலாம். அல்லது ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்து, உள்கடிகாரத்தை ஒன்று இந்திய நேரமாகவும் மற்றது உலகப் பொது நேரமாகவும் படிக்கலாம்.

யாரிடம் நேரம் கேட்பது என்பதும் முக்கியம். வீட்டு விண்டோஸ் வழக்கமாக மைக்ரோசாஃப்ட் சர்வரைக் கேட்கிறது. இந்திய நேரத்தை அணுக்கடிகாரங்களால் காப்பதோ டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். நிறுவனங்கள் அந்த ஆய்வகத்தின் சர்வரையோ தேசியத் தகவல் மையமான என்.ஐ.சி.யின் சர்வரையோ பின்பற்ற வேண்டும் என 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. வீடுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் கணினி விற்பவர்களே ஆய்வகத்தின் சர்வரை அமைத்துக் கொடுத்துவிடலாம். இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று: 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விண்டோஸ் பொதுவாகத் தானாகத் திருத்திக்கொள்ளாது. பேட்டரியை மாற்றியதும் தேதியைக் கையால் போட்டுவிட்டு, அதன்பிறகே ஒத்திசைவுப் பொத்தானை அழுத்த வேண்டும்.